இளம்பச்சை, கரும்பச்சை

அண்ணி, ஒரு வாரமாக ஊற்றிய மழை நின்று இன்றோடு மூன்று நாள் ஆகிறது. காலையில் ஈரம் கோத்த தலையணைகளை மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடிப் பூங்காவில் யாரோ புல் வெட்டும் மிஷினை ஓட்டினார்கள். முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு காற்று திரும்பி, வாசனை வந்தது. வெட்டிய புல்லின் வாசனையை என்னவென்று சொல்வது? பிஞ்சு வெள்ளரிக்காயைக் கீறும்போது வருமே, அதில் பாதி. மீதி, நனைந்த மண். ஒரு தலையணையை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கீழே நம் வீட்டுப் புல்தரையில் நீங்கள் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, புல்வெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வடக்கே போவதுபோல் இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் இல்லாமல் போய்விடுவீர்கள் என்று, சற்று நேரம் பார்க்காமலே நின்றேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் மாடியில், நானும் உங்கள் தம்பியும் கீழே. கடைசி இரண்டு வருஷத்தைக் கழித்துவிட்டால், நாம் இருவரும் பேசிய பேச்சு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். பால் வந்ததா, மோட்டார் போட்டாச்சா, மது பள்ளிக்கூடம் போய்விட்டாளா. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு உங்கள் தம்பி எனக்கு எழுதிய ஒரே கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. அக்கா பி.டி. டீச்சர், கொஞ்சம் கறார், பயந்துவிடாதே என்று. நான் பயந்துதான் போனேன். முடியை இறுக்கிப் பின்னி, வெள்ளைப் புடவையும் வெள்ளை ஷூவுமாக விடிந்ததும் அம்பத்தூர் ரயிலுக்குக் கிளம்பும் பெண்ணிடம் என்ன பேசுவது என்று திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர் நீங்கள். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

என் மகள் மது சின்னவளாக இருந்தபோது, உங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை வந்தேன். சீக்கிரமே வந்துவிட்டோம். மைதானத்தில் நீங்கள் மட்டும் இருந்தீர்கள். சுண்ணாம்புப் பொடி வாளியைக் கையில் பிடித்து, கயிறு ஏதும் கட்டாமல் ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்டுக்கொண்டே போனீர்கள். கோட்டைக் குனிந்து பார்க்கவே இல்லை. தூரத்துச் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் வெள்ளையாக, ரூல் போட்டதுபோல் கோடு நீண்டுகொண்டே போனது. முனையில் நின்று திரும்பிப் பார்த்தபோது உங்கள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததைக் கண்டேன். அதைப் பார்த்ததாக உங்களிடம் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அப்போது நமக்குள் பழக்கம் இல்லை.

ரிட்டயர் ஆன மறு மாதமே, வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த அரை கிரவுண்டைக் கொத்திப் புல் நடச் சொன்னீர்கள். சேக்காட்டில் உங்கள் குடும்பத்துக்கு இருந்த வயலெல்லாம் பிளாட் பிளாட்டாகப் போன பிறகு மிச்சம் நின்ற துண்டு அது. நான் அங்கே நாலு வாழையும் ஒரு முருங்கையும் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் உங்கள் தம்பியிடம் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது.

"முப்பத்தஞ்சு வருசம் ஜல்லித் தரையில ஓட உட்டேன் பொண்ணுங்கள. வுழுந்து வுழுந்து முட்டியெல்லாம் ரத்தம். ஒரு புல்லுத்தரைய நான் கண்ணால பாக்கணும்டா."

அதற்குப் பிறகு நான் வாழையைப் பற்றிப் பேசவில்லை.

ஆசை அதோடு நிற்கவில்லை. ஒரு மத்தியானம் டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மைதானம் முழுக்க ஒரு பட்டை இளம்பச்சை, ஒரு பட்டை கரும்பச்சை. சாயம் அடித்திருப்பார்கள் என்றேன் நான். இரண்டு ஜாதிப் புல்லாக இருக்கும் என்றார் உங்கள் தம்பி. பெங்களூரில் வேலை பார்க்கும் மது அந்த வாரம் போனில் பேசியபோது நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள். அவள் எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சாயமும் இல்லை, வேறு புல்லும் இல்லை. வெட்டிக்கொண்டே புல்லை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார்கள், அத்தை. நம்மை விட்டு விலகிச் சாய்ந்த புல் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும், இளம்பச்சையாகத் தெரியும். நம் பக்கம் சாய்ந்த புல் நுனியையும் நிழலையும்தான் காட்டும், கரும்பச்சையாகத் தெரியும்.

நீங்கள் போனை வைத்துவிட்டு நேராகப் புல்தரைக்குப் போனீர்கள். உட்கார்ந்து, உள்ளங்கையால் புல்லை ஒரு பக்கமாகத் தடவினீர்கள். வெல்வெட் ரவிக்கைத் துணியை நாம் தடவிப் பார்ப்போமே, அப்படி. பிறகு எதிர்ப்பக்கமாக. "ஏம்மா, இங்க வா," என்று என்னைக் கூப்பிட்டீர்கள். "இங்கருந்து பாரு. இப்ப அந்தாண்ட போய்ப் பாரு." நான் சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்றேன். இங்கே வெளுப்பாகத் தெரிந்தது அங்கே கறுப்பாகத் தெரிந்தது. ஒரு கை அகலப் புல்லை நடுவில் வைத்துக்கொண்டு, வயசான இரண்டு பெண்கள் மாறி மாறி இடம் மாறி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர் அடுக்குமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், எதையோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்து, "ஆன்ட்டி, என்ன தேடுறீங்க?" என்று கேட்டது.

கையால் தள்ளும் புல்வெட்டி நம்மிடம் இருந்தது. புல்லைச் சாய்க்க அதன் பின்னால் கனமாக ஓர் உருளை வேண்டும். அதற்காகத்தான் நாம் இருவரும் முதல் முறையாகச் சேர்ந்து வெளியே போனோம். ஆட்டோவில் புல்வெட்டி குறுக்கே கிடக்க, அதன் கைப்பிடியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனோம். மெட்ரோ தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றின் இடைவெளியில் வெயில் வந்து வந்து போனது. உங்கள் முகம் வெளுத்து, இருண்டு, வெளுத்து, இருண்டு கொண்டிருந்தது. அந்தப் பயணம் முடியாமல் இருந்தால் தேவலை என்று எனக்கு ஏன் தோன்றியது என்று இன்றும் தெரியவில்லை. வீட்டில் துவைக்காத துணி குவிந்து கிடந்தது.

லேத் பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னாம்மா, ரோடு போடப் போறீங்களா?" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை. அவருடைய சாக்பீஸை வாங்கி, சிமெண்டுத் தரையில் வரைந்து காட்டினீர்கள். இங்கே பிளேடு, இங்கே உருளை, உள்ளே மணல் கொட்ட ஒரு மூடி. "வெட்டின புல்லை எதுக்கும்மா சாய்க்கணும்?" என்று அவர் கேட்டார். "பாக்கறதுக்கு," என்றீர்கள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இரும்புக் குழாயை அறுத்து, இரண்டு முனையும் அடைத்து, மரை போட்ட மூடியும் வைத்துக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. புல்லை ஒட்ட வெட்டியிருந்தோம். "மொட்டை அடிச்சா எது சாயும்?" என்று நீங்களே கண்டுபிடித்து, வெட்டும் உயரத்தை ஏற்றி வைத்தீர்கள். பனி ஈரத்தில் தள்ளினால் புல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. அதனால் வெயில் ஏறி உலரும்வரை காத்திருந்தீர்கள். மூன்றாவது வாரம், முதல் வரியைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போட்டீர்கள். அடுத்த வரியை அதன் ஓரத்தில் நாலு விரல் ஏறும்படி எதிர்த்திசையில் போட்டீர்கள். பின்வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி வடக்கே போவீர்கள். நம் கேட்டின் கம்பியைப் பார்த்தபடி தெற்கே வருவீர்கள். முடித்துவிட்டு என்னை மாடிக்குக் கூப்பிட்டீர்கள்.

அன்று பார்த்ததை எப்படி எழுதுவது, அண்ணி? நம் வீட்டுப் பக்கம்தான். அதே சுவர், அதே துணிக்கொடி, அதே குழாயடி. நடுவில் மட்டும் யாரோ பெரிய ஜமுக்காளம் ஒன்றை விரித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. மேகம் ஒன்று கடந்தபோது பட்டைகள் எல்லாம் மங்கி, தரை மூச்சை இழுத்துக்கொண்டதுபோல் ஒரே பச்சையாக ஆயிற்று. மேகம் விலகியதும் திரும்ப வந்தன. ஒரு மைனா இறங்கி, இளம்பச்சையில் நடந்து, கரும்பச்சைக்குள் போய், மறுபடி வெளியே வந்தது. நாம் இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். காபி ஆறிப்போனது. மைதானத்தில் ஒரு முறை பார்த்த அந்தச் சின்னச் சந்தோஷம் திரும்ப உங்கள் முகத்தில் இருந்தது.

அப்படி நெருங்கி வந்தவர்கள், அடுத்த வருஷமே அந்தப் புல்லுக்காகச் சண்டை போட்டோம். மதுவும் மாப்பிள்ளையும் காரில் வந்தால் நிறுத்த இடமில்லை. தெருவில் விட்ட காரை யாரோ உரசிவிட்டுப் போனார்கள். பாதிப் புல்லை எடுத்துவிட்டுக் கல் பதித்துவிடலாம் என்று நான் சொன்னேன். முடியாது என்றீர்கள். விளக்கேற்றிய நேரம், உங்கள் தம்பி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தடுக்க ஆள் இல்லாததால் நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "புல்லுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல மனுஷங்களுக்கு இல்ல. பிள்ளை குட்டி இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." நீங்கள் எழுந்து, நான் போட்டுக் கொடுத்த இட்லித் தட்டை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனீர்கள்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால்தான் நேரம் தெரியும். கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறீர்கள் என்று நினைத்தேன். போடட்டும் என்று நினைத்தேன். சட்னி அரைத்தேன், குக்கர் வைத்தேன். உங்கள் தம்பி குளித்து, சாப்பிட்டு, செருப்பு மாட்டும்போது, "அக்கா இன்னும் கீழே வரலையா?" என்றார். எட்டே கால் ஆகியிருந்தது. நான்தான் மேலே போனேன். நீங்கள் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் கிடந்தீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

ஆவடி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்பதுதான். நேரம் தெரிந்தால்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவு செய்ய முடியும் என்றார். எப்போது விழுந்தாங்கன்னு தெரியாது, நேற்று ராத்திரி நன்றாக இருந்தாங்க என்றார் உங்கள் தம்பி. நான், "ஆறு ஐம்பது," என்றேன். "சத்தம் கேட்டுச்சு." உங்கள் தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். ஊசி போட்டார்கள். அந்த ஒரு பார்வைக்குப் பிறகு உங்கள் தம்பி இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

உயிர் தப்பி வீட்டுக்கு வந்தீர்கள். பேச்சு குழறியது, இடது கையும் காலும் சொன்னதைக் கேட்கவில்லை. உங்களைக் கீழ் அறைக்கு மாற்றினோம். பிசியோதெரபி செய்ய நிஷா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தது. கட்டிலில் படுத்துச் செய்யும் பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தீர்கள். நடக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிட்டீர்கள். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனால், உங்களிடம் படித்தவர்கள் யாராவது பார்ப்பார்கள். சேக்காட்டில் எந்தத் தெருவில் இல்லை அவர்கள்? வீட்டுக்குள் நாலு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். மாதம் இரண்டு போயிற்று. நடக்காவிட்டால் கால் இப்படியே நின்றுபோகும் என்று நிஷா வாசலில் வைத்து என்னிடம் மெல்லச் சொன்னது.

வெளியே புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. ஆள் வைத்து வெட்டவும் நீங்கள் விடவில்லை. ஜன்னலை மூடி வைக்கச் சொன்னீர்கள். ஒரு நாள் எனக்கு யோசனை வந்தது. புல்வெட்டிக்கும் கைப்பிடி இருக்கிறது, சக்கரம் இருக்கிறது. சாயாமல் நிற்கிறது. வாக்கருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நிஷாவிடம் கேட்டேன். அது வண்டியைத் தள்ளிப் பார்த்து, பிரேக் இல்லையே என்று பயந்து, கடைசியில் பிளேடைக் கழற்றிவிட்டால் சரி என்றது. ஓர் ஆளை வைத்து நானே புல்லை விரல் உயரத்துக்கு வெட்டவைத்தேன். உருளை மட்டும் இருக்கட்டும் என்று விட்டு, அதிலிருந்த மணலை உங்களுக்குத் தெரியாமல் கொட்டினேன்.

உங்களைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து கைப்பிடியில் விட்டேன். இடது கை நழுவியது. நிஷா ஒரு துணியால் அதைக் கைப்பிடியோடு தளர்வாகக் கட்டியது. நான் உங்கள் இடுப்பைப் பிடித்தேன். "புடிக்காத," என்றீர்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல உங்களுக்கு எத்தனை நேரம் ஆயிற்று. "கூட வா. போதும்." இடது பக்கம் ஒரு சாண் தள்ளி நடந்தேன். கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, தொடாமல் நடந்தேன். சுவரிலிருந்து சுவருக்குப் போக அன்று அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முனையில் நாற்காலியில் உட்கார வைத்தோம். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கோடு மங்கலாக விழுந்திருந்தது. பாதிவரை நேராக வந்து, பிறகு இடது பக்கம் வளைந்து வளைந்து, செம்பருத்திச் செடிக்குள் போய் முடிந்திருந்தது.

நீங்கள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். இனி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்ததும், ஷூவை எடுத்துவரச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்கு ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன. ஒரு நீளமான காலை. ரேடியோவில் ஏதோ மெல்லப் போய்க்கொண்டிருக்கும். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து தாளிக்கும் வாசம் வரும். தட்டான்கள் புல்லுக்கு மேலே ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் ஒரு எட்டு வைப்பீர்கள், நான் ஒரு எட்டு வைப்பேன். உங்கள் இடது ஷூ புல்லை இழுக்கும் சத்தம் கேட்கும். போகப்போக அந்தச் சத்தம் குறைந்தது. எந்த வாரம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கவனித்தபோது அது இல்லை. வாரத்துக்கு வாரம் வளைவு குறைந்தது. மாடிப்படியில் ஏற முடியாததால், மேலிருந்து பார்த்து வந்து நான்தான் உங்களுக்குச் சொல்வேன். முக்கால் வாசி நேராக இருக்கு அண்ணி, கடைசியில மட்டும் கொஞ்சம் இழுக்குது என்பேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் பொய் சொன்னதில்லை.

உருளையில் மணல் இல்லாததையும் கண்டுபிடித்தீர்கள். கோடு அழுத்தமாக விழவில்லை என்று சந்தேகப்பட்டு, ஷூ நுனியால் உருளையைத் தட்டிப் பார்த்தீர்கள். வெறும் குழாய்ச் சத்தம் வந்தது. "மணலு எங்க?" என்றீர்கள். திட்டுவீர்கள் என்று பார்த்தால், திரும்பக் கொட்டு, ஆனா ஒரேயடியா வேணாம் என்றீர்கள். ஞாயிறுதோறும் இரண்டு டம்ளர் மணல். மூடியைக் கழற்றி நான் கொட்டுவேன். நீங்கள் குனிந்து பார்ப்பீர்கள். ஆறேழு மாதத்தில் உருளை நிறைந்தது. பிளேடையும் திரும்ப மாட்டினோம். களைத்துவிட்டால் ஒரு வரி நீங்கள், ஒரு வரி நான். வடக்கே போவது உங்களுடையது, தெற்கே வருவது என்னுடையது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். நீங்கள் இடது கையாலேயே டம்ளரைப் பிடித்தீர்கள். சிந்தவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது. புல்லில் உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அன்னைக்கு நீங்க விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு அண்ணி. கோவத்துல வரல. ஒண்ணரை மணி நேரம் வரல.

நீங்கள் மோரைக் குடித்து முடித்தீர்கள். பேச்சு அப்போது ஓரளவு திரும்பியிருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்.

"தெரியும்மா. நான் முழிச்சிகினுதான் இருந்தேன். நீ கொழாய் தொறந்தது கேட்டுச்சு. மிக்ஸி போட்டே. குக்கர் விசில் வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும், இப்ப வந்துடுவா, இப்ப வந்துடுவான்னு இருந்தேன்."

நான் முகத்தை மூடிக்கொண்டேன். நீங்கள் காலி டம்ளரால் என் தோளில் லேசாகத் தட்டினீர்கள்.

"கேளு. எனக்கு வலது கை நல்லாத்தான் இருந்துச்சு. தரையில தட்டியிருக்கலாம். தட்டினா உனக்குக் கேட்டிருக்கும். நானும் தட்டல. எனக்கும் ரோசம். நாமா கூப்புடறதா, அவளே வரட்டும்னு படுத்துகினு கீறேன், வாய் கோணிகினு."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சரியாக வராத சிரிப்பு, ஒரு பக்கம் மட்டும் ஏறும் சிரிப்பு. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. எதிர் பால்கனியில் இருந்த பெண் நம்மைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, நான் அன்று பிள்ளை குட்டி என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீங்கள் கையை உயர்த்தித் தடுத்தீர்கள். இன்னும் ஆறு வரி பாக்கி கீது, வெயில் ஏறுது என்றீர்கள். அந்த விஷயத்தை மட்டும் நீங்கள் என்னைக் கேட்கவே விடவில்லை. மன்னித்துவிட்டீர்களா, இல்லை வலித்துக்கொண்டேதான் இருந்ததா? இன்றும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்கு நியாயம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் தை மாதம் வானகரத்தில் ஒரு கல்யாணம். நானும் உங்கள் தம்பியும் காலையில் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். கேட்டைத் திறந்த உங்கள் தம்பி அப்படியே நின்றார். புல்தரை முழுக்க, சுவரிலிருந்து சுவர்வரை, இளம்பச்சை, கரும்பச்சை. சாய்வெயிலில் ஒவ்வொரு பட்டையின் ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. எந்த வரியும் வளையவில்லை. என்னுடைய வரி ஒன்றுகூட அதில் இல்லை. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து, ஷூவைக் கழற்றாமல், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். யார் பாக்கறாங்கன்னு இவ்ளோ மெனக்கெட்டே, அக்கா என்று கேட்டார் உங்கள் தம்பி. நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

நான் பட்டுப்புடவையோடு மாடிக்கு ஓடினேன். மேலிருந்து பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல், நேரா இருக்கு அண்ணி என்று மட்டும் கத்தினேன். நீங்கள் நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினீர்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இந்த முறை எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் விடிந்ததும் காபியோடு வந்து பார்த்தேன். காபி கலந்த கையோடு நேராக உங்களிடம்தான் வந்தேன், அண்ணி. எங்கேயும் நிற்கவில்லை. பக்கவாட்டில் ஷாமியானா போட்டார்கள். உங்கள் மாணவிகள் எத்தனை பேர், பாட்டியான மாணவிகள்கூட வந்திருந்தார்கள். அவர்கள் கால் பட்டு, புல்லில் மங்கலாக மிச்சமிருந்த பட்டைகள் மாலைக்குள் கலைந்துபோயின. அங்கே அப்படி ஒன்று இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் யாருக்கும் சொல்லவும் இல்லை.

புல்லை எடுக்கவில்லை. மது வந்தால் கார் தெருவில்தான் நிற்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான் வெட்டுகிறேன். போன வாரம் மழையில் நிஷா போன் செய்தது. திருமுல்லைவாயிலில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதாம். வாக்கரைத் தொடவே மாட்டேன் என்கிறாராம். உங்க வண்டியும் புல்லும் அப்படியேதானே இருக்கு, கூட்டி வரட்டுமா என்று கேட்டது. அது உங்கள் வண்டி. அதன் கைப்பிடியில் உங்கள் கை பட்ட இடம் மட்டும் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கும்வரை யோசித்தேன். பிறகு வரச் சொன்னேன். நேற்று பிளேடைக் கழற்றினேன். மணலையும் கொட்டினேன்.

இன்று சாயங்காலம் மனைவியோடு ஆட்டோவில் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெரிய உடம்பு, முறைத்த முகம். பேச்சு அவ்வளவாகக் குழறவில்லை. புல்வெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, கேலி பண்றீங்களா என்பதுபோல் நிஷாவைப் பார்த்தார். நான் கைப்பிடியைத் துடைத்துவிட்டு விலகி நின்றேன். ரொம்ப நேரம் கழித்துப் பிடித்தார். அவருடைய மனைவி தாங்கப் போனாள், நிஷா அவளை நிறுத்தியது. பாதித் தூரம் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முனையில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார். ஈரப் புல்லில் கோடு நன்றாகவே விழுந்திருந்தது. வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து, சுவரில் போய் இடித்திருந்தது.

"ரூட்டு மாறிப் போச்சும்மா," என்றார்.

மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் மனைவி சொன்னாள். அவர் கைப்பிடியை விடவில்லை. "மழை வர்றதுக்குள்ள இன்னொரு டிரிப் அடிச்சிடலாம்," என்று வண்டியைத் திருப்பினார். நான் எழுந்து போய், அவருடைய வலது பக்கம் சேர்ந்து நடந்தேன், அண்ணி.